முகத்தைப் பார்த்துத் தீர்ப்பிடலாமா?

வேலை முடிந்து வீடு திரும்பும் இரவுகளில், தொலைக்காட்சியின் குற்றக் கதைகள் நம் குடும்பங்களைக் கட்டிப்போடுகின்றன. முடிவில் குற்றவாளி பிடிபடுவான். நாமும் நிம்மதியாக உறங்கச் செல்வோம். அந்த நிம்மதியைத் தர மறுத்த ஒரு கொரியத் திரைப்படத்தைக் குறித்துச் சற்றே சிந்திப்போமா?

போங் ஜூன் ஹோ இயக்கி 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்பதே அப்படம். தென் கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை சிறுமியரும் பெண்களுமாகப் பத்துப் பேர் கொல்லப்பட்ட சம்பவங்களே அதற்கு அடிப்படை. கண்களைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை பேசுகிறான், கதையில் வரும் துப்பறிவாளன். மனவளர்ச்சி குன்றிய ஓர் இளைஞனை அடித்து, ஒப்புதல் வாக்குமூலம் பெற முயல்கிறார்கள். கொலைகாரனோ இறுதிவரை அகப்படுவதில்லை. அவனாக இருக்கக்கூடிய ஒருவனைக் கண்ட சிறுமி, அவன் முகம் சாதாரணமானது என்றே சொல்லுகிறாள்.

உண்மையில் நடந்தது இதனினும் வேதனையானது. 1988-இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். போலியோவினால் கால் ஊனமுற்ற 22 வயது இளைஞன் 1989-இல் கைது செய்யப்பட்டான். உறங்கவிடாமல் வதைத்து அவனை ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். அவன் சிறைப்பட்ட பின்னரும் அப்பகுதியில் கொலைகள் தொடர்ந்தன. ஆயினும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, 2009-இல்தான் அவன் வெளியே வந்தான்.

2019-இல் மரபணுச் சோதனை, வேறொரு கொலைக்காக 1994 முதல் சிறையிலிருந்த ஒருவனைக் காட்டிக்கொடுத்தது. அச்சிறுமியின் கொலை உட்பட 14 கொலைகளை அவன் ஒப்புக்கொண்டான். 2020 டிசம்பரில், முன்பு தண்டிக்கப்பட்டவர் நிரபராதி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஹ்வாசோங் கொலைகளுக்காக உண்மைக் குற்றவாளிமீது வழக்குத் தொடர இயலவில்லை. அதற்கான 15 ஆண்டுக் காலவரம்பு 2006-லேயே முடிந்துபோயிற்று.

பிரியமானவர்களே, யாரையாவது பிடித்தால் போதும் என்னும் அவசரம் நிரபராதியைச் சிறையில் அடைத்து, கொலைகாரனை வெளியே நடமாடவிட்டது. பிழைப்புக்காக நகரத்தில் குடியேறிய நாம், அறிமுகமில்லாதவர் என்பதற்காகவே சந்தேகிக்கப்படும் வேதனையை அறிவோம். நம் தெருவில் ஒரு பொருள் களவுபோனால், நாமும் புதிதாய் வந்தவனைத்தானே முதலில் பார்க்கிறோம்?

இப்படம் பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்குக் காட்டத்தக்கதன்று. ஆனால் அவர்களோடு அமர்ந்து வேறெந்தக் குற்றக் கதையைப் பார்த்தாலும், "இவன்தான் செய்தான் என்பதற்குச் சான்று என்ன?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைப் பொறுமையோடு கேட்டுப் பேசுங்கள்.