வெந்நீர் அடுப்பும் சர்க்காரும்

மார்கழி விடியற்காலையில் தர்மபுரி ஜில்லாவின் கிராமங்களில் பனியோடு விறகுப் புகையும் கலந்து நிற்கும். சமையலறையில் எரிவாயு அடுப்பு இருக்கும். கொல்லையிலோ மூன்று கற்களின் மேல் வெந்நீர் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். ஜனங்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்று பட்டணத்துக் கனவான்கள் சொல்வதுண்டு. அது பிசகு. கணக்குத் தெரிந்துதான் நம் ஸ்திரீகள் விறகை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. 1983-ம் வருஷத்தில் புகையில்லா அடுப்புத் திட்டம் பிறந்தது. கோடிக்கணக்கில் அடுப்புகள் கட்டினார்கள். புகைக்குழாயில் கரி அடைத்தபோது செப்பனிட ஆளில்லை. 2002-ல் மத்திய சர்க்கார் அதைக் கைவிட்டது. 2006-ல் பதவியேற்ற கருணாநிதி மந்திரிசபை ஏழைகளுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாகவே வழங்கிற்று. 2016 மே முதல் தேதி மத்திய சர்க்காரின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகள், யாவும் பெண்கள் பெயரில். மெச்ச வேண்டிய காரியந்தான்.

ஆனால் அடுப்பை ஒரு தரம் கொடுத்தால் போதும். வாயுவை மீண்டும் மீண்டும் வாங்க வேண்டுமே! 14.2 கிலோ உருளையின் விலை 2022-ல் ஆயிரம் ரூபாயைத் தாண்டிற்று. உஜ்வலாக் குடும்பங்களுக்கு அவ்வருஷம் மே மாதத்தில் உருளைக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபரில் 300 ரூபாயும் மானியம் அறிவித்தார்கள். அதிலும் ஒரு சங்கடம். முழு விலையையும் முதலில் எண்ணி வைக்க வேண்டும். மானியம் பிறகுதான் பாங்கிக் கணக்கில் சேரும். கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்குகிறவள் அத்தனை ரூபாய்க்கு எங்கே போவாள்? பென்னாகரம், சித்தேரி மலையோரங்களில் சுள்ளி காசில்லாமல் கிடைக்கிறது. அவளுடைய முதுகுவலிக்கும் இருமலுக்கும் யாரும் விலை போடுவதில்லை.

சீமையிலும் இதே கதை. வாயுக் கொதிகலனை நீக்கி, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் யந்திரத்தை வைப்போருக்கு இங்கிலாந்து சர்க்கார் 2023 அக்டோபரில் உதவித்தொகையை 7,500 பவுனாக உயர்த்தியது. எனினும் அங்கே மின்சாரம் வாயுவைவிடப் பன்மடங்கு விலை. ஆகவே பலர் தயங்குகிறார்கள்.

எரிவாயுவும் நிலத்தடி எண்ணெயின் சந்ததியே. நமக்கு அதில் பெரும்பகுதி கப்பலேறி வருகிறது. வெந்நீருக்காவது, நம் ஜில்லாவில் குறைவின்றிக் காயும் வெயிலைப் பிடிக்கும் சூரியக் கொதிகலன்களை ஏழை வீடுகளுக்கு ஏன் தரக்கூடாது? தந்தால், பழுது பார்க்கும் ஆளையும் தாலூகாதோறும் நியமிக்கட்டும். உருளை மானியத்தை, வீட்டு வாசலில் விலையிலேயே கழித்துக்கொள்ளட்டும்.