வட்டிக் கணக்கும் பேரேடும்: ஃபங்ஷனா, ஸ்டோர்ட் ப்ரொசீஜரா?

ரெண்டுமே டேட்டாபேஸுக்குள்ள எழுதி வைக்கிற கோடுதானே, அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு? பெரும்பாலும் இதற்கு ஒரு அட்டவணைதான் பதிலாகக் கிடைக்கும். இன்டர்வியூவில் ஒப்பிக்க உதவும், அவ்வளவுதான். அரியக்குடிக்காரனான எனக்கு எங்க பக்கத்து வட்டிக் கணக்கை வைத்து யோசித்தால்தான் பிடிபடுகிறது.

பர்மாவில் லேவாதேவி நடத்திய நகரத்தார், ரங்கூன் மொகல் தெருவில் இருந்த கோயிலில் மாதாமாதம் கூடி 'நடப்பு வட்டி' விகிதத்தை முடிவு செய்வார்கள். அசல், மாதம், விகிதம் மூன்றும் தெரிந்தால் வட்டி இவ்வளவு என்று சொல்லிவிடலாம். எத்தனை தடவை கேட்டாலும் பேரேட்டில் ஒரு எழுத்து மாறாது. இதுதான் ஃபங்ஷன். ஒரு மதிப்பைத் திருப்பித் தரும். அதனால் செலக்டிலோ வேர் பகுதியிலோ சொருகிக்கொள்ளலாம்.

அந்த வட்டியை ஒருவருக்கு வரவு வைத்து, இன்னொருவருக்குப் பற்று எழுதுவது வேறு வேலை. அது ப்ரொசீஜர். கால் அல்லது எக்ஸெக் என்று தனியாகத்தான் கூப்பிட வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வர் இதில் ரொம்பக் கறார். ஃபங்ஷனுக்குள்ளிருந்து நிஜ டேபிளில் இன்சர்ட், அப்டேட் பண்ண விடாது. போஸ்ட்கிரெஸ் விட்டுவிடும். 2018-ல் 11-ஆம் பதிப்பு வரும்வரை அதில் ப்ரொசீஜரே கிடையாது, எல்லாத்தையும் ஃபங்ஷனாகவே எழுதினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வரவு வைக்கிற ஃபங்ஷனை ஒரு செலக்டில் போட்டு, ஜாயினில் ஒரே கணக்கு ரெண்டு வரிசையாக வந்தால் வட்டியும் ரெண்டு தடவை ஏறும். எரர் எதுவும் வராது! தவிர, ஃபங்ஷன் நடுவில் கமிட் பண்ண முடியாது. ப்ரொசீஜரில் ஆயிரம் கணக்குக்கு ஒரு கமிட் என்று போகலாம், வெளியே ஏற்கெனவே பிகின் போடாமல் இருந்தால்.

போஸ்ட்கிரெஸில் எழுதாத ஃபங்ஷனிலும் ஒரு சிக்கல் உண்டு. விகிதத்தை நாமே ஆர்குமென்டாகக் கொடுத்தால் அது இம்யூட்டபிள்: அதே உள்ளீட்டுக்கு என்றைக்கும் அதே விடை. விகிதத்தை டேபிளிலிருந்து படித்தால் ஸ்டேபிள் மட்டுமே, ஏனென்றால் அடுத்த மாதம் நடப்பு மாறும். ஆனால் ஸ்டேபிள் ஃபங்ஷன் மேல் இன்டெக்ஸ் கட்ட விடமாட்டான். உடனே சிலர் 'இம்யூட்டபிள்' என்று பொய் எழுதி இன்டெக்ஸைக் கட்டிவிடுகிறார்கள். விகிதம் மாறினாலும் இன்டெக்ஸுக்குள் பழைய வட்டிதான் இருக்கும். அதன் வழியாகத் தேடினால் ஒரு விடை, டேபிளை முழுசாகப் படித்தால் வேறு விடை. ரீஇன்டெக்ஸ் பண்ணுகிறவரை இது தொடரும்.