வறுமையை அளப்பது எவ்வாறு?

நம் நாட்டில் ஏழைகள் எத்தனை பேர்? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காணவே அறிஞர் பலர் நூற்றைம்பது ஆண்டுகளாக உழைத்து வருகின்றனர். அவர்கள் கூறும் எண்ணிக்கை ஏட்டில் எழுதி மூடி வைப்பதற்குரியதன்று. எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு மலிவு விலைத் தானியம் என்பது போன்ற முடிவுகள் அதனை ஒட்டியே செய்யப்படுகின்றன. ஆகவே அவ்வெண்ணிக்கை பிறக்கும் விதத்தைக் குடிமக்கள் அறிந்திருத்தல் நலம். சொந்த ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இத்துறைக்கு வழி வகுத்தவர் தாதாபாய் நௌரோஜி. 1876ஆம் ஆண்டில் பம்பாயில் அவர் படித்த கட்டுரையில், பிரிட்டிஷ் இந்தியாவின் விளைச்சலையும் பிற உற்பத்தியையும் மதிப்பிட்டு, ஆள் ஒன்றுக்கு ஆண்டு வருமானம் ஏறக்குறைய 20 ரூபாய் என்று கணக்கிட்டார். அத்தொகையைக் கூறியதோடு அவர் நிற்கவில்லை. சிறைக் கைதிகளுக்குச் சர்க்கார் அளித்த உணவுக்கும் உடைக்கும் என்ன செலவாயிற்று என்பதையும் கப்பலேறிச் சென்ற கூலியாட்களுக்கு வகுக்கப்பட்ட உணவுப் பட்டியலையும் எடுத்து ஒப்பிட்டார். நாட்டின் சராசரி வருமானம் கைதிக்கு ஆன செலவுக்கும் குறைவாயிருந்தது. சர்க்காரின் கணக்கைக் கொண்டே சர்க்காருக்கு உண்மையை எடுத்துரைத்த முறை அது.

ஆனால் சராசரி என்பது எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்பதை அது காட்டாது. அதற்கு வீடு வீடாகச் சென்று கேட்டாக வேண்டும். இத்தனை கோடி மக்களுள்ள நாட்டில் அது எவ்வாறு இயலும்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்கள் அறிந்த உண்மை. இதனையே விஞ்ஞான முறையாக வளர்த்தவர் பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ். 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அவர், வங்காளத்தின் சணல் பயிரைச் சில வயல்களை மட்டும் அளந்து மதிப்பிட்டுக் காட்டினார். 1950ஆம் ஆண்டில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. முதற் சுற்றில் நாடெங்கும் ஏறக்குறைய 1,800 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2022-23இல் நடந்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் 2 இலட்சத்து 61 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் விடையளித்தன. கையில் எடுக்கும் சோறு பானையின் ஒரு மூலையிலிருந்து மட்டும் வந்ததாயிருத்தல் கூடாது. ஆதலால் வீடுகளை விருப்பம் போல் பொறுக்காமல், குலுக்கல் போன்ற முறையில் தேர்ந்தெடுக்கின்றனர்.

செலவு தெரிந்துவிட்டால் போதுமா? எவ்வளவுக்குக் குறைந்தால் வறுமை என்பதையும் வரையறுத்தாக வேண்டும். புனா நகரத்து அறிஞர்களான வி. எம். தண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் உணவை அளவுகோலாகக் கொண்டனர். நாள் ஒன்றுக்கு 2,250 கலோரி தரும் உணவை உண்ணும் மக்கள் என்ன செலவு செய்கின்றனர் என்று பார்த்தனர். 1960-61ஆம் ஆண்டு விலைவாசியில், மாதம் ஆள் ஒன்றுக்குக் கிராமத்தில் 15 ரூபாயும் நகரத்தில் 22 ரூபாய் 50 காசும் குறைந்த அளவு என்று கொண்டனர். அக்கணக்கின்படி கிராம மக்களுள் 100க்கு 40 பேரும் நகர மக்களுள் 100க்கு 50 பேரும் அதற்குக் கீழே இருந்தனர். புள்ளியியல் அறிஞரான பி. வி. சுகாத்மே இவ்வகை அளவுகோலை மறுத்தார். ஒருவருக்கொருவர் உடலின் தேவை வேறுபடும், ஒருவருக்கே நாளுக்கு நாள் வேறுபடும் என்பது அவர் வாதம்.

'வறுமைக் கோடு' என்னும் சொல்லைக் கேட்டவுடன், ஆற்றங்கரை போல இயற்கையே வகுத்த எல்லை ஒன்று இருப்பதாக எண்ணத் தோன்றும். அது மனிதர் கூடி ஆலோசித்து வரைந்த கோடேயாகும். சுரேஷ் டெண்டுல்கர் குழு 2009ஆம் ஆண்டில் கூறிய முறைப்படி, 2011-12ஆம் ஆண்டில் கோடு மாதம் ஆள் ஒன்றுக்குக் கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். அதற்குக் கீழே இருந்தோர் ஏறக்குறைய 27 கோடிப் பேர். தமிழரான சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு, அதே ஆண்டுக்குக் கிராமத்தில் 972 ரூபாய், நகரத்தில் 1,407 ரூபாய் என்று 2014ஆம் ஆண்டில் வரைந்தது. ஏழைகள் ஏறக்குறைய 36 கோடியாயினர். எவருடைய வீட்டிலும் உலையரிசி கூடவுமில்லை, குறையவுமில்லை. கோடு மட்டுமே இடம் மாறிற்று.

கோடு மாறாதிருந்தும் கேட்கும் முறை மாறினால் விடை மாறும். முன்பெல்லாம் உணவுச் செலவைக் கடந்த 30 நாட்களுக்குக் கேட்பது வழக்கம். 1999-2000ஆம் ஆண்டில் ஒரே வீட்டாரிடம் 7 நாட்களுக்கும் 30 நாட்களுக்கும் சேர்த்துக் கேட்டனர். நேற்று வாங்கிய காய்கறி நினைவிலிருக்கும். மூன்று வாரத்துக்கு முன் வாங்கியது மறந்து போகும். 7 நாள் கணக்கைச் சொன்னவர்கள் அதற்கு ஒத்து வருமாறு மாதக் கணக்கையும் கூட்டிச் சொல்லியிருக்கலாம் அல்லவா? 1993-94இல் 100க்கு 36ஆக இருந்த வறுமை 26ஆகக் குறைந்ததாக வந்த முடிவை, இக்காரணம் பற்றி அறிஞர் பலர் ஐயுற்றனர். பின்னர் 2015ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் அவர்களுள் ஒருவர். 2004-05இல் பழைய முறைப்படி கேட்டபோது, 27.5 என்ற விடை வந்தது. குறைவு உண்மையே, ஆனால் அது முதலில் கூறிய வேகத்தில் நிகழவில்லை.

இனி, வெளி மாநிலத்தில் வாழ்வோருக்கு இதில் என்ன அக்கறை என்பதைப் பார்ப்போம். டெண்டுல்கர் முறையில் 2011-12இல் நகரத்துக் கோடு தமிழ்நாட்டில் 937 ரூபாயாகவும் தில்லியில் 1,134 ரூபாயாகவும் இருந்தது. ஊரில் போதுமான சம்பளம் இங்கே போதாமற் போவதை அறிஞரின் கணக்கும் ஒப்புக்கொள்கிறது. அடுத்து, கணக்கெடுப்பில் குடும்பம் என்பது ஒரே சமையலில் உண்டு ஒன்றாக வாழ்வோர். மனைவி மக்களை ஊரில் விட்டு, இங்கே விடுதியில் தங்கி மெஸ்ஸில் உண்பவர் தனியொரு குடும்பமாகவே கொள்ளப்படுவார். நிலையான இருப்பிடம் ஏதுமின்றி இடம் பெயர்ந்துகொண்டே இருப்போர் கணக்கில் வருவதேயில்லை. வேலை தேடி அலையும் மிக எளிய மக்கள் விடுபட்டுப் போவது இவ்வாறே. அறிஞர்கள் இன்னும் தீர்க்காத குறை இது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்குத் தானியம் என்பதை, 2011-12ஆம் ஆண்டின் கணக்கெடுப்பைக் கொண்டே வகுத்தனர். 2022ஆம் ஆண்டு முதல் அச்சட்டத்தின் கீழ் வரும் ரேஷன் அட்டை எல்லா மாநிலங்களிலும் செல்லுபடியாகிறது. என்றோ யாரோ ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அளித்த விடைகள் எவ்வளவு தூரம் செல்கின்றன என்பதற்கு இது சான்று.

2022-23ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், உணவுக்கு ஒரு முறை, அன்றாடப் பிற செலவுகளுக்கு ஒரு முறை, நீடித்து உழைக்கும் பொருள்களுக்கு ஒரு முறை என்று ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்று கேட்டனர். அத்தகைய அலுவலர் தங்கள் வாயிலுக்கு வந்தால், வேற்று மொழிக்காரர் நமக்கென்ன என்று நேயர்கள் கதவைச் சாத்த வேண்டாம். மொழி தெரிந்த பக்கத்து வீட்டாரைத் துணைக்கு அழைத்தேனும், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சொல்லாத வீட்டின் வறுமையை எந்த அறிஞராலும் அளக்க இயலாது.