'பரோ' என்னும் சொல்லும் டன்விச் நகரின் ஆட்சி வரலாறும்

ஆட்சித்துறைச் சொற்களை மொழிபெயர்ப்போர் அவற்றின் இன்றைய பொருளை மட்டும் கருத்திற்கொண்டு நிகரன் அமைப்பது பெருவழக்கு. அச்சொற்கள் முற்காலத்தில் சுட்டிய நிறுவனங்கள் இதனால் மறைந்துவிடுகின்றன. ஆங்கிலத்தின் 'பரோ' இதற்குத் தக்க சான்றாகும். இச்சொல்லுக்கு 'நகராட்சி' என்னும் ஒரே நிகரனைக் கொள்வதால் விளையும் பொருள்மயக்கத்தை, இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் அமைந்த டன்விச் நகரின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

1. பட்டயம் தந்த தகுதி

பழைய ஆங்கிலத்தில் அரண் சூழ்ந்த இடத்தைக் குறித்த சொல்லிலிருந்து 'பரோ' தோன்றியது. காலப்போக்கில் தனியுரிமை பெற்ற நகரை அது குறிக்கலாயிற்று. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேடு டன்விச்சில் 236 'பர்ஜெஸ்'கள் இருந்ததாகக் கூறுகிறது. இவர்கள் நகரில் வாழ்ந்த மக்கள் அனைவரும் அல்லர். நகர உரிமை பெற்றோர் மட்டுமே.

1199இல் மன்னர் ஜான் வழங்கிய பட்டயம் டன்விச்சைத் தன்னுரிமை உடைய பரோ ஆக்கியது. பிற்காலத்தில் அதன் ஆட்சிக்குத் தலைமை ஏற்றவர்கள் 'பெய்லிஃப்' எனப்பட்ட இருவர். நம் நீதிமன்ற வழக்கை ஒட்டி இச்சொல்லை 'அமீனா' எனப் பெயர்த்தால், நகரத் தலைவர் நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் ஊழியராகிவிடுவார்.

2. இரண்டு முடிவுகள்

1286, 1328 ஆகிய ஆண்டுகளின் பெரும்புயல்களும் தொடர்ந்த கடலரிப்பும் துறைமுகத்தையும் நகரின் பெரும்பகுதியையும் அழித்தன. எனினும் பட்டயத் தகுதி அழியவில்லை. நகரம் சிற்றூராகச் சுருங்கிய பின்னரும் டன்விச் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிவந்தது. 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டமே இவ்வுரிமையை நீக்கியது.

ஆனால் நகரக் கழகம் அவ்வாண்டில் மறையவில்லை. 1835ஆம் ஆண்டின் நகரக் கழகச் சட்டம் 178 பரோக்களைத் தேர்தல்வழி அமையும் மன்றங்களின்கீழ்க் கொணர்ந்தது. டன்விச் அவற்றுள் இடம்பெறவில்லை. அதன் பழைய கழகம் அவ்வாறே நீடித்தது. 1883ஆம் ஆண்டின் சட்டத்தின் விளைவாக 1886இல் அது முடிவுற்றது.

3. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

ஒரே ஊர் 1832இலும் 1886இலும் 'பரோ' தகுதியை இழந்ததாக ஆங்கில நூல்கள் கூறுவதில் முரண் இல்லை. முன்னது நாடாளுமன்றத் தொகுதி. பின்னது உள்ளாட்சிக் கழகம். இரண்டிடத்தும் 'நகராட்சி' என்றே எழுதினால், தமிழ் வாசகருக்கு ஒரு செய்தி பிழையாகத் தோன்றும். 'ராட்டன் பரோ' என்னும் தொடரைச் 'சீர்கெட்ட நகராட்சி' எனப் பெயர்ப்பதும் இத்தகையதே. அத்தொடர் சுட்டுவது நகர நிர்வாகத்தின் சீர்கேட்டை அன்று. வாக்காளர் மிகச் சிலரே எஞ்சியும் உறுப்பினரை அனுப்பும் உரிமையை இழக்காத தொகுதியை.

இச்சிக்கல் இங்கிலாந்தின் வரலாற்றோடு நின்றுவிடுவதில்லை. 1687ஆம் ஆண்டின் பட்டயத்தின்வழி 1688இல் தொடங்கப்பெற்ற சென்னை நகரக் கழகமும் மேயர், ஆல்டர்மேன், பர்ஜெஸ் ஆகிய பதவிப் பெயர்களைக் கொண்டிருந்தது. இவற்றுள் 'மேயர்' தமிழில் நிலைபெற்றது, 'பர்ஜெஸ்' வழக்கொழிந்தது. அக்கால ஆவணங்களைப் பெயர்ப்போர் பர்ஜெஸைக் 'குடிமக்கள்' என்று எழுதினால், சிலருக்கே உரிய தகுதி அனைவருக்கும் உரியதாகிவிடும்.

எனவே, 'பரோ' பட்டய உரிமையைச் சுட்டுமிடத்துப் 'பட்டய நகரம்' எனவும், தேர்தலைச் சுட்டுமிடத்து 'நகரத் தொகுதி' எனவும், 1835க்குப் பிற்பட்ட தேர்தல்வழி மன்றத்தைச் சுட்டுமிடத்து 'நகராட்சி' எனவும் வழங்குவது பொருத்தமாகும். கலைச்சொல் அகராதிகள் இத்தகைய சொற்களுக்கு நிகரன் தரும்போது, அது எக்காலத்து நிறுவனத்துக்கு உரியது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.