பெண் எஞ்சினீயர்களும் தொழில்முறைத் தொடர்புகளும்

டில்லி நகரில் காஷ்மீரி வாயிலுக்கு அருகே ஒரு பழைய கல்வி வளாகம் உண்டு. 1941-ஆம் ஆண்டில் தோன்றிய டில்லி பாலிடெக்னிக் நடைபெற்ற இடம் அது. 1955-ஆம் ஆண்டில் அங்கு விரிவுரையாளராக இலா மஜும்தார் என்னும் பெண்மணி பொறுப்பேற்றார். வங்காள எஞ்சினீயரிங் கல்லூரி 1947-இல் பெண்களுக்கு இடமளித்ததும் அதில் சேர்ந்து, 1951-இல் இயந்திரவியலில் பட்டம் பெற்று, கிளாஸ்கோ நகரில் பயிற்சி முடித்து, டேராடூன் படைக்கலத் தொழிற்சாலையில் பணியாற்றியவர் அவர். இன்று அதே வளாகத்தில் இந்திரா காந்தி டில்லி மகளிர் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் நடைபெற்று வருகிறது. 1998-இல் மகளிர் எஞ்சினீயரிங் கல்லூரியாகத் தொடங்கிய அது, 2013-இல் பல்கலைக் கழகமாயிற்று.

இக்கால இடைவெளியில் பெண்கள் எஞ்சினீயரிங் கற்பதற்கான வழி திறந்துவிட்டது. ஆயினும் பட்டம் பெற்ற பெண்கள் தொழிலில் நிலைத்து நின்று உயர் பொறுப்புகளை அடைவது இன்னமும் எளிதாகிவிடவில்லை. இதற்குரிய காரணங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்று, தொழில்முறைத் தொடர்பின் குறைவாகும்.

தொடர்பு என்பது யாது?

சிபாரிசு வேறு, தொழில்முறைத் தொடர்பு வேறு. தகுதியைப் பாராமல் ஒருவரை முன்னே தள்ளுவது சிபாரிசு. ஒருவருக்குள்ள தகுதியைப் பிறர் அறியுமாறு செய்வது தொடர்பு. எஞ்சினீயரின் வேலை தனித்து நடைபெறுவதன்று. ஒரு துணை மின்நிலையம் அமைய வேண்டுமானால், வரைபடம் தயாரிப்பவர், கருவிகளைச் செய்பவர், அவற்றை நிறுவுபவர், சோதிப்பவர் எனப் பலர் ஒன்றுகூட வேண்டும். யார் எந்த வேலையில் தேர்ந்தவர் என்பதை இவர்கள் வேலைத் தளத்திலும், ஆலோசனைக் கூட்டங்களிலும், எஞ்சினீயர் கழகங்களிலும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்துகொள்கின்றனர். புதிய பணிக்கு ஆள் தேடுங்கால் அவ்வாறு அறிமுகமானவர்களின் பெயரே முதலில் நினைவுக்கு வருகிறது. எஞ்சினீயர் கழகங்களில் சேர விரும்புவோரின் வேலையை நேரில் அறிந்த மூத்த உறுப்பினர்கள் சான்று கூறுவதும் நெடுநாளைய வழக்கம். தளத்திலும் கூட்டத்திலும் இடம் பெறாதவருக்குச் சான்று கூற எவர் இருப்பர்? தொடக்க காலப் பெண் எஞ்சினீயர்களுக்கு நேர்ந்த இடையூறு இதுவே.

லலிதாவின் வாழ்க்கை

சென்னையில் 1919-ஆம் ஆண்டு பிறந்த அ. லலிதாவின் வாழ்க்கை இதனை நன்கு விளக்கும். பதினைந்தாம் வயதில் அவருக்கு மணமாயிற்று. மகள் பிறந்து நான்கே மாதங்களில் கணவர் காலமானார். பிறரை எதிர்பாராமல் குழந்தையை வளர்க்க வேண்டும் என்ற உறுதியுடன் லலிதா மேற்படிப்பை நாடினார். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் மின்னியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவும், பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமும் இசைந்தமையால் லலிதாவுக்கு இடம் கிடைத்தது. பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்னும் இரு மாணவியரும் அங்கு சிவில் பிரிவில் சேர்ந்தனர். இவர்களுக்குப் பட்டம் வழங்கியபோது, சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுத வேண்டியிருந்தது.

லலிதாவின் அறிவாற்றல் அவருடையதே. ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அறிந்த தந்தை வீட்டிலேயே இருந்தார். அத்தகைய தந்தை வாய்க்காத பெண்களின் நிலையை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

பட்டம் பெற்றபின் லலிதா சிம்லாவில் மத்திய தரநிர்ணய அமைப்பிலும், 1948 முதல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்திலும் பணியாற்றினார். இரண்டு ஊர்களிலும் அவருடைய சகோதரர்கள் குடியிருந்தனர். குழந்தையைக் கவனிக்க உறவினர் உள்ள ஊரிலேயே அவர் வேலையை ஏற்க வேண்டியிருந்தது. மின்பாதைகளையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைப்பதும், பாதுகாப்புச் சாதனங்களைத் திட்டமிடுவதும் அவருடைய வேலை. மின்பாதையில் பழுது நேருமாயின் பழுதுற்ற பகுதியை மட்டும் நொடிப்பொழுதில் துண்டித்து, ஜெனரேட்டர்களையும் ஏனைய பாதைகளையும் காப்பவை இச்சாதனங்கள். சட்லெஜ் நதியின் பக்ரா நங்கல் திட்டப் பணியிலும் அவருக்குப் பங்குண்டு. அத்திட்டத்தின் மின்சாரத்தைப் பெறும் பகுதிகளுள் டில்லியும் ஒன்றாகும்.

நியூயார்க் மாநாடு

லண்டனிலுள்ள மின் எஞ்சினீயர்கள் கழகம் 1953-இல் லலிதாவைத் துணை உறுப்பினராகவும், 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964-இல் நியூயார்க்கில் பெண் எஞ்சினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு கூடியது. அவருக்கு அழைப்பு வந்தது. ஆனால் அவரைப் பிரதிநிதியாக அனுப்புவதற்குப் பெண் எஞ்சினீயர்களின் கிளை எதுவும் இந்தியாவில் இல்லை. தனிப்பட்ட முறையிலேயே அவர் கலந்துகொண்டார். பிரிட்டனின் பெண் எஞ்சினீயர் சங்கமோ 1919-லேயே, அதாவது லலிதா பிறந்த ஆண்டிலேயே, நிறுவப்பெற்றது. 1965-இல் அச்சங்கத்தில் சேர்ந்த லலிதா, 1967-இல் கேம்பிரிட்ஜில் நடைபெற்ற இரண்டாவது மாநாட்டிற்கு இந்தியப் பிரதிநிதியாகச் செயற்பட இசைந்தார். தொழிலில் இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே ஒத்த நிலையிலுள்ள பெண்களின் கூட்டத்தை அவர் காண நேர்ந்தது என்பது கருதத்தக்கது.

அவருடன் பயின்ற திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை எஞ்சினீயரானார். 1973-இல் பம்பாயில் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கம் தோன்றியது.

ஆசிரியரும் களப் பணியாளரும்

கல்வி வாய்ப்பைப் பெருக்கச் சில திட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. டில்லி உள்ளிட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் 2018 முதல் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. நுழைவுத் தேர்வில் தகுதி பெற்றோர்க்கே இவை உரியன. ஏனையோரின் இடங்கள் இவற்றால் குறைவதில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2019-20-இல் தொடங்கிய விஞ்ஞான் ஜோதி திட்டம், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலுள்ள மாணவியர் ஆய்வுக் கூடங்களைக் காணவும், துறையில் தேர்ந்த பெண்களைச் சந்திக்கவும் வழி செய்தது.

திட்டம் மாணவியை வந்தடைவதற்கு இடையே ஒரு மனிதர் வேண்டும். லலிதாவுக்குத் தந்தை செய்த உதவியைப் பிற மாணவியர்க்குச் செய்யக்கூடியவர் ஆசிரியரே. எஞ்சினீயரிங் பயிலச் சென்ற பழைய மாணவியரின் பெயர்களைப் பள்ளியில் ஏடொன்றில் குறித்து வைத்து, ஆண்டுக்கொருமுறை அவர்களுள் ஒருவரை வகுப்பிற்கு அழைக்கலாம். அருகிலுள்ள துணை மின்நிலையத்தையோ நீரேற்று நிலையத்தையோ மாணவியர்க்குக் காட்டலாம். களப் பணியாளர்கள், புதிதாகச் சேர்ந்த பெண் எஞ்சினீயரை அலுவலக மேசையோடு நிறுத்திவிடாமல் தள ஆய்வுக்கும் ஆலோசனைக் கூட்டத்திற்கும் உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அவர் தயாரித்த வரைபடத்திலும் அறிக்கையிலும் அவர் பெயர் இடம்பெறுதல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒருவர் செய்த வேலை மற்றவர்க்குத் தெரியவரும்போதே அடுத்த பொறுப்பு அவரைத் தேடி வரும்.