எழுந்து நின்ற மூன்றாம் நிமிடம்

பெருந்துறைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், விடியற்காலையில் கட்டிலை விட்டு எழுந்த என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) அப்படியே திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, கிறுகிறுன்னு வருது, எல்லாம் இருட்டுது" என்றார். நடுக்குவாதத்துக்கு, அதாவது பார்கின்சன் நோய்க்கு, மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கைநடுக்கம் குறைந்து, சட்டைப் பொத்தானை அவரே போடத் தொடங்கியிருந்தார். மாரடைப்போ என்று பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இ.சி.ஜி. சரியாகத்தான் இருந்தது. டாக்டர் அவரைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்: மேல் அளவு 142. எழுப்பி நிற்க வைத்து மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தார்: 108.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்து நாடியின் சுவர் அதை உடனே உணர்கிறது. நரம்பு நுனிகள் நார்அட்ரினலினைச் சுரந்து ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. இதயம் கொஞ்சம் வேகம் பிடிக்கிறது. இத்தனையும் நாம் செருப்பைத் தேடுவதற்குள் முடிந்துவிடும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்த ஏற்பாட்டில் பழுது என்று அர்த்தம். அப்பிச்சிக்கு இறங்கியது 34.

பழுது எங்கே? நடுமூளையில் டோபமினைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் நோய் இது என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் பலருக்கு இதயத்தைத் தேடி வரும் நரம்பு நுனிகளும் கூடவே பட்டுப்போகின்றன. அந்த நரம்புகளைக் காட்டும் ஸ்கேனில் இதயம் இருக்கும் இடம் மங்கிக் கிடக்கும். கை நடுங்கும் நோய் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது என்பது என்னை உலுக்கிய செய்தி. ஏற்கெனவே தளர்ந்த அந்த ஏற்பாட்டின்மேல்தான் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் வந்து இறங்குகிறது.

டோபமினை நேராகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முந்தைய வடிவமான லெவோடோபா நுழையும். ஆனால் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி, மூளைக்குப் போய்ச் சேருமுன்பே அதில் பெரும்பகுதியை டோபமினாக மாற்றிவிடும். லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்த 1960களில் குமட்டலும் படபடப்பும் துடிப்புத் தடுமாற்றமும் நோயாளிகளை வாட்டின. பிறகு வந்தது கார்பிடோபா. அது அந்த நொதியை அடக்கும். ஆனால் மூளைக்குள் போகாது. அதனால் மூளைக்குள் மாற்றம் தடையில்லாமல் நடக்கும். லெவோடோபாவின் அளவு ஏறக்குறைய கால்பங்காகக் குறைந்தது. இதை மருந்தியலின் மிக அழகான யோசனைகளில் ஒன்றாக நான் நினைக்கிறேன். இருந்தும் எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குவது முழுதாக நீங்கவில்லை.

இந்த லெவோடோபா நம் வேலியிலேயே இருக்கிறது. தொட்டால் சொனை அரிக்கும் பூனைக்காலியின் விதையிலிருந்து, 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். நடுக்குவாதத்துக்கு அது மருந்தாகும் என்று அப்போது உலகில் யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டதால், நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர்கள் பூனைக்காலிப் பொடியும் வாங்கி வருகிறார்கள். ஒரு ஸ்பூனில் எவ்வளவு லெவோடோபா என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அழுத்தம் இன்னும் இறங்கும். டாக்டரிடம் சொல்லாமல் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நடுக்குவாதத்துக்குக் கொடுத்து, இதய வால்வையே கெடுத்த மருந்துகளும் உண்டு. கம்பங்கதிரில் தேன் ஒழுகும் நோயை நம் விவசாயிகள் அறிவார்கள். அதே குடும்பத்துப் பூஞ்சை ஒன்று ரை தானியத்தில் வளர்கிறது. அதன் வேதிப்பொருள் வழியில் உருவான பெர்கோலைடும் கேபர்கோலினும் இதய வால்வுச் செல்களின் செரட்டோனின் ஏற்பியைத் தூண்டுபவை. இவை வால்வைத் தடிக்க வைத்துக் கசியச் செய்வதை 2007இல் இரண்டு ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. அந்த ஆண்டே அமெரிக்கச் சந்தையிலிருந்து பெர்கோலைடு விலக்கப்பட்டது.

லெவோடோபா தரும் குமட்டலுக்குச் சாதாரணமாக வாங்கும் டோம்பெரிடோனும் கவனிக்க வேண்டியது. அளவு மீறினால் இதயத்தின் மின்லயத்தைக் குலைக்கும்.

அப்பிச்சியின் மாத்திரையை நிறுத்தவில்லை. திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. ரத்த அழுத்தத்துக்கென்று பல வருஷமாக விழுங்கிவந்த இன்னொரு மாத்திரையை டாக்டர் குறைத்தார். தண்ணீர் நிறையக் குடிக்கவும் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தவும் சொன்னார். கால் பக்கம் இருந்த செங்கல்லைத் தலைமாட்டுக்கு மாற்றினோம். இப்போது விடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கட்டில் விளிம்பில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து தோட்டத்தைப் பார்க்கிறார். அதற்கப்புறம்தான் கைத்தடியைக் கேட்கிறார்.