ஏட்டு எண்ணும் செயல் திறனும்

எண் பெரிதாயின் பொருளும் சிறந்ததாகவே இருக்கும் என்பது மக்களிடையே பரவிய ஒரு நம்பிக்கை. நெல், நிலம், துணி ஆகியவற்றில் அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. இயந்திரங்களின் உலகிலோ அது நம்மை வழிதவறச் செய்வதுண்டு. கணினியில் பொருத்தப்படும் கிராபிக்ஸ் கார்டு என்னும் உறுப்பைச் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை இன்று ஆராய்வோம்.

எங்கள் பாகலூர் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். ஒரு புறம் ரோஜாத் தோட்டங்கள். மறு புறம் ஓசூரின் தொழிற்சாலைகள். இத்தகைய கார்டுகளுக்குரிய சிப்புகளை வடிவமைக்கும் பொறியாளர் பலர் எல்லைக்கு அப்பால் பெங்களூரில் பணிபுரிகின்றனர். இப்பகுதியில் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் பயிலும் மாணவர், இயந்திர உறுப்புகளைக் கணினித் திரையில் வரைந்து பழகவேண்டியவர்கள். அவர்கள் கணினி வாங்கச் செல்லும்போது எண்களின் நீண்ட பட்டியல் ஒன்று எதிரே வைக்கப்படுகிறது. தந்தையின் பல மாத உழைப்பு அந்த ஒரு முடிவில் செலவாகிவிடுகிறது. ஆகவே அப்பட்டியலைப் படிக்கக் கற்பது இன்றியமையாதது.

முதற்கண், இந்தக் கார்டின் வேலை யாது? சாதாரணக் கணினித் திரை ஒன்றில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். அசையும் காட்சி இயல்பாகத் தோன்ற, விநாடிக்கு 60 முறை படத்தைப் புதிதாகத் தீட்டவேண்டும். அதாவது, ஒரு விநாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணிக்கவேண்டும். கணக்கு ஏறக்குறைய ஒரே வகையானது. எண்ணிக்கைதான் மிகப் பெரிது. எனவே ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களை ஒருசேர அமர்த்தி வேலை வாங்குவதுபோல் இக்கார்டு அமைக்கப்பட்டுள்ளது. அக்கணக்கர்களையே கோர்கள் என்கின்றனர்.

இனி, என்விடியா நிறுவனத்தின் இரண்டு கார்டுகளை ஒப்பிடுவோம். ஒன்று 2021-இல் வெளிவந்த ஜீபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3060. மற்றொன்று 2023-இல் வந்த 4060. முன்னது சேர்ந்த தலைமுறைக்கு, மின்னோட்ட அளவைக்குப் பெயர் தந்த ஆம்பியரின் பெயரும், பின்னதன் தலைமுறைக்குக் கணித மேதை ஏடா லவ்லேசின் பெயரும் இடப்பட்டுள்ளன.

பட்டியலை நோக்குங்கள். 3060-இல் கோர்கள் 3,584, 4060-இல் 3,072. நினைவகம் முன்னதில் 12 ஜிகாபைட், பின்னதில் 8. நினைவகத்திலிருந்து தரவு வரும் பாதையின் அகலம் முன்னதில் 192 பிட், பின்னதில் 128. மூன்றிலும் பழையதே முந்தி நிற்கிறது! ஆயினும், பலரும் ஆடும் விளையாட்டுகளைச் சாதாரணத் திரையில் ஓட்டிச் சோதித்தால், புதியதே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரைவாக இயங்குகிறது. இது எவ்வாறு?

முதற் காரணம் வேகம். 3060-இன் கோர் விநாடிக்கு 177.7 கோடி முறை துடிக்கிறது. 4060-இன் கோர் 246 கோடி முறை. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு கோர் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலுமாக இரண்டு கணக்குகளைச் செய்யவல்லது. கோர்களின் எண்ணிக்கையை இரண்டாலும் வேகத்தாலும் பெருக்கினால், பழையதற்கு விநாடிக்கு 12.7 லட்சம் கோடிக் கணக்குகளும் புதியதற்கு 15.1 லட்சம் கோடியும் கிடைக்கும். ஆள் குறைவு, கைவேகம் மிகுதி.

இரண்டாவது காரணம் கேச் எனப்படும் உட்சேமிப்பு. பாதையின் அகலத்தையும் நினைவகத்தின் வேகத்தையும் கணக்கிட்டால், பழையதில் விநாடிக்கு 360 ஜிகாபைட் தரவு வரும். புதியதில் 272 மட்டுமே. ஆனால் பழையதன் உட்சேமிப்பு 3 மெகாபைட்; புதியதனுடையதோ 24. வீட்டுக் குதிரில் தானியம் நிரம்ப வைத்திருப்பவர் சந்தைக்கு அடிக்கடி செல்லவேண்டுவதில்லை அன்றோ? சந்தைப் பாதை குறுகியதாயினும் அவருக்குக் குறையில்லை.

இத்துடன் நிறுத்திப் புதியதே சிறந்தது என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? கூடாது. வேலை 8 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் கேட்டால் நிலைமை மாறும். அடங்காத தரவு கணினியின் பொது நினைவகத்தில் தங்கும். அங்கிருந்து கார்டுக்கு வரும் வழியில் 4060-க்கு விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட்தான் கிட்டும். மதர்போர்டு பழைய வகையாயின் அதிலும் பாதியே. 272 எங்கே, 16 எங்கே! படம் திக்கித் திக்கி நகரும். மிகப் பெரிய முப்பரிமாணக் காட்சிகளைத் தீட்டுவோருக்கும், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தம் கணினியிலேயே இயக்கிப் பார்ப்போருக்கும் 3060-இன் 12 ஜிகாபைட் அருந்துணையாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 3060 என்னும் அதே பெயரில் 8 ஜிகாபைட் நினைவகமும் 128 பிட் பாதையும் கொண்ட வேறொரு கார்டும் 2022-இல் வெளிவந்தது. பெயரை மட்டும் கேட்டு வாங்குவோர் ஒன்றை எண்ணி மற்றொன்றைப் பெற நேரும். பயன்படுத்திய கார்டை வாங்குவோர் நினைவகத்தின் அளவைத் தாமே இயக்கிப் பார்த்து உறுதிசெய்துகொள்க.

மின்செலவையும் மறத்தலாகாது. 3060 முழு வேலையில் 170 வாட் கொள்ளும். 4060 கொள்வது 115 வாட். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் முழு வேலை வாங்கினால், 55 வாட் வேறுபாடு ஓராண்டில் 80 யூனிட்டாகும்.

விளம்பரங்களில் காணும் மற்றொரு நுட்பமும் உண்டு. 4060, தான் தீட்டிய இரண்டு படங்களுக்கு இடையே ஊகத்தால் ஒரு படத்தைச் செருகவல்லது. காட்சி வழுவழுப்பாகத் தோன்றும். ஆனால் நம் கைக்கட்டளைக்கு அது விரைந்து பதிலளிக்கும் என்பதில்லை. செருகிய படங்களையும் சேர்த்து எண்ணிய கணக்கை, சேர்க்காத கணக்கோடு ஒப்பிடுதல் நேர்மையான ஒப்பீடாகாது. இருவருக்கும் ஒரே வினாத்தாள் கொடுத்தால்தான் மதிப்பெண்ணுக்குப் பொருளுண்டு.

2025-இல் இவ்வரிசையில் 5060 வந்துவிட்டது. இன்னும் பல வரும். எண்கள் மாறினாலும் கேட்கவேண்டிய வினாக்கள் மாறா. என் வேலை எது? அது எவ்வளவு நினைவகம் கேட்கிறது? அதே வேலையில், அதே நிலையில், இரண்டும் எவ்வாறு இயங்கின? இயலுமாயின், நீங்கள் கல்லூரியில் வரைந்த கோப்பு ஒன்றைக் கடைக்கு எடுத்துச் சென்று அங்கேயே திறந்து, சுழற்றிப் பாருங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் முன்னோர். ஏட்டைப் படித்து, சுரைக்காயையும் தொட்டுப் பார்த்து வாங்குவோரே ஏமாறாதிருப்பர்.